பொய்யைத் துரத்துவதா, பணத்தைத் துரத்துவதா

2018 செப்டம்பர் 4 அன்று ஜெபி புயல் ஜப்பானின் ஒசாகா பகுதியைத் தாக்கியது. கடலில் மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவின் மேல் நிற்கும் கான்சாய் விமான நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. போதாக்குறைக்கு, காற்றில் இழுத்துவரப்பட்ட ஒரு எண்ணெய்க் கப்பல் தீவையும் கரையையும் இணைக்கும் பாலத்தில் மோத, ஆயிரக்கணக்கான பயணிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். அடுத்த ஓரிரு நாளில் சீன இணையத்தில் ஒரு செய்தி கிளம்பியது. ஒசாகாவில் இருக்கும் சீனத் துணைத் தூதரகம் பேருந்துகளை அனுப்பித் தன் நாட்டு மக்களை மீட்டுவிட்டது, தைவான்காரர்கள் வந்து கேட்டபோது ‘நாங்கள் சீனர்கள் என்று ஒப்புக்கொண்டால் ஏறிக்கொள்ளலாம்’ என்று சொன்னார்கள் என்பதுதான் அது. உண்மையில் தீவுக்குள் வெளிப் பேருந்துகளை விடவே இல்லை. விமான நிலையம்தான் எல்லா நாட்டுப் பயணிகளையும் வெளியே கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் அது தெரியவருவதற்குள் தைவானில் கோபம் பற்றிக்கொண்டது. சீனாவால் முடிந்தது நம் ஆட்களால் ஏன் முடியவில்லை, ஒசாகாவில் தூதரகம் போல இயங்கும் நம் அலுவலகம் என்ன செய்துகொண்டிருந்தது என்று திட்டித் தீர்த்தார்கள். செப்டம்பர் 14 அன்று அந்த அலுவலகத்தின் தலைவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் ‘வெளிநாட்டுப் பொய் ஒரு மனிதரைக் கொன்றது’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், அப்படித்தான் பல இடங்களில் எழுதப்பட்டும் இருக்கிறது. ஆனால் அப்புறம் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. வெளியுறவு அமைச்சகம் கொடுத்த நெருக்கடிதான் காரணம் என்று அவருடைய மனைவி சொன்னார். 2019 டிசம்பரில் தைவான் அரசு வழக்கறிஞர்கள் ஒரு உள்ளூர் சமூக ஊடகப் பிரசாரகர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். ஆளுங்கட்சி வட்டாரத்தோடு நெருக்கமானவராக அறியப்பட்ட அவர், காசு கொடுத்து ஆள் வைத்து, பழி முழுவதையும் ஒசாகா அலுவலகத்தின் மேல் தள்ளும் பதிவுகளைப் போட வைத்தார் என்பது குற்றச்சாட்டு. ஆக, பொய் கிளம்பியது வெளியே. அதை உள்ளே வாங்கி, தன் தேவைக்கு வளைத்து, தன் நாட்டு அதிகாரி ஒருவரின் மேல் ஏவிவிட்டது உள்ளூர்க் கை. மேலே இருந்தவர்கள் அந்த மனிதருக்குத் துணையாக நிற்கவில்லை.

வெளிநாட்டுத் தலையீடு பற்றி எதைப் படித்தாலும் எனக்கு இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு ஜனநாயக நாடு இதை எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு நான் வந்து சேர்ந்திருக்கும் பதிலும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. இந்தச் செய்தி உள்ளூர்ப் பொய்யா வெளிநாட்டுப் பொய்யா என்று தலையைப் பிய்த்துக்கொள்வதைவிட, இதற்குக் காசு கொடுத்தது யார், அவர் ஏன் தன் முகத்தை மறைத்துக்கொண்டார் என்று கேட்பது பயனுள்ளது. கருத்தை விட்டுவிடுங்கள். மறைவைப் பிடியுங்கள். அதற்கு முன்னால், நாம் நம் வேலையை எல்லார் கண்முன்னாலும் செய்ய வேண்டும்.

தைவானை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. உலகம் முழுக்க ஜனநாயகங்களை அளவிடும் சுவீடனின் வி-டெம் ஆய்வில், வெளிநாட்டுப் பொய்ப் பிரசாரத்துக்கு மிக அதிகமாக இலக்காகும் இடம் என்று ஆண்டுக்கணக்காகப் பட்டியலில் முதலில் நிற்பது தைவான்தான். ஏறக்குறைய 2.3 கோடிப் பேர். பக்கத்து நாடு அவர்களைத் தன் மாகாணம் என்கிறது. இரண்டு பக்கமும் பேசுவது ஒரே மொழி, அதனால் மொழிபெயர்ப்பில் இடறி மாட்டிக்கொள்ளும் சிக்கல்கூட அனுப்புகிறவருக்குப் பெரிதாக இல்லை. இத்தனைக்கும் நடுவே அவர்கள் தேர்தல் நடத்துகிறார்கள், ஆட்சி மாறுகிறது, தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொள்கிறார்.

ஆராய்ச்சி வேலைக்காக நான் ஷின்சூ நகரத்தில் சில காலம் இருந்தேன். அங்கே பல்கலைக்கழக ஆய்வகங்களில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு, வேதியியல், மின்னணுவியல் என்று எந்தத் தளத்துக்குப் போனாலும் ஒரு தமிழ்க் குரல் கேட்கும். 2024 ஜனவரி 13 அன்று அதிபர் தேர்தல். மாலை 4 மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் எங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எண்ணிக்கையைப் பார்க்கலாம் என்று ஆய்வக நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். ஓட்டுப் போட்ட அதே அறை. மேசைகளை நகர்த்திவிட்டு, பெட்டியைத் திறந்து, ஒரு அலுவலர் ஒரு சீட்டை எடுத்து வேட்பாளரின் எண்ணையும் பெயரையும் சத்தமாகச் சொல்லி எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுகிறார். இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லி, சுவரில் ஒட்டிய பெரிய தாளில் ஒரு கோடு போடுகிறார். ஐந்து கோடுகள் சேர்ந்தால் ஒரு சீன எழுத்து முழுமையாகும், அதாவது ஐந்து ஓட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் இதே வேலை. பின்னால் நின்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கைக்குழந்தையோடு ஒரு அம்மா நின்றார், இரண்டு தாத்தாக்கள் தங்கள் நோட்டில் தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், கல்லூரிப் பையன் ஒருவன் அலைபேசியில் படம் பிடித்துக்கொண்டே இருந்தான். நாடு முழுக்க ஏறக்குறைய 18,000 வாக்குச்சாவடிகளில் ஒரே நேரத்தில் இதுதான் நடக்கிறது. ஏறக்குறைய 1.4 கோடி ஓட்டு, இரவு எட்டு எட்டரைக்குள் முடிவு தெரிந்துவிட்டது. லாய் சிங்-தே 40 சதவீதத்தோடு வென்றார்.

அன்று இரவே மோசடி வீடியோக்கள் வந்தன. ஓர் அலுவலர் தவறான கட்டத்தில் கோடு போடுகிறார், பாருங்கள் திருட்டு என்று சில நொடித் துண்டுகள். மற்ற நாடுகளில் இந்த இடத்தில்தான் எல்லாம் வெடிக்கிறது, இல்லையா? இங்கே அந்தத் துண்டுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சிகள் அந்தந்த அறையிலேயே இருந்தார்கள். தவறு நடந்தால் நின்றுகொண்டிருந்தவர்களே கையை நீட்டிச் சொல்கிறார்கள், அங்கேயே திருத்தப்படுகிறது, முழு வீடியோவும் யாரிடமாவது இருக்கிறது. உண்மை சரிபார்ப்பு மையங்கள் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் போதும். தேர்தலுக்கு முன்பே தேர்தல் ஆணையம், இப்படிப்பட்ட வதந்தி வரும், எண்ணிக்கை இப்படித்தான் நடக்கும், வந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தது. வந்த பிறகு மறுப்பதைவிட வருவதற்கு முன் சொல்லிவைப்பது எவ்வளவோ மேல்.

2024இல் ஏறக்குறைய 97 கோடி வாக்காளர்கள் இருந்த இந்தியாவில் இதை அப்படியே செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். காகிதச் சீட்டுக் காலத்தில் வாக்குச்சாவடியையே கைப்பற்றிக் குத்துக் குத்தாகப் போட்ட வரலாறும் நமக்கு உண்டு, இயந்திரம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே மனப்பான்மையை நாம் ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? 2024 மக்களவைத் தேர்தலில், ஒவ்வொரு சாவடியிலும் எத்தனை ஓட்டு பதிவானது என்று சொல்லும் 17சி படிவத்தை இணையத்தில் ஏற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது உத்தரவிட முடியாது என்றது நீதிமன்றம். அந்தப் படிவம் எல்லாக் கட்சி முகவர்களுக்கும் கையில் கொடுக்கப்படுவதுதான். அதைப் பொதுவில் வைப்பதில் தேர்தல் ஆணையம் காட்டிய தயக்கம், எந்த வெளிநாட்டு உளவு அமைப்பும் காசு செலவழித்து உண்டாக்க முடியாத சந்தேகத்தை இலவசமாக உண்டாக்கிவிட்டது. மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடந்தாலும் அதைப் பற்றி எந்தக் கதையும் எடுபடும்.

சரி, தைவானின் இன்னொரு பழக்கம் வேகம். அரசுத் துறைகள் ஒரு வதந்திக்குச் சில மணி நேரத்துக்குள், அலைபேசித் திரையில் அடங்கும் அளவில், படத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்பதை ஒரு கட்டாய வேலையாகவே ஆக்கினார்கள், ஆட்ரி டாங் அமைச்சராக இருந்த காலத்தில் இது நன்றாக வேரூன்றியது. முடிக்குச் சாயம் போட்டு ஏழு நாளுக்குள் சுருள் வைத்தால் பெரிய அபராதம் என்று ஒரு வதந்தி பரவியபோது அப்போதைய பிரதமர் சூ செங்-சாங், முடி நிறைய இருந்த தன் இளமைக்காலப் படத்தைப் போட்டு, இப்போது எனக்கு முடி இல்லாவிட்டாலும் உங்களை இப்படித் தண்டிக்க மாட்டேன் என்று எழுதினார். 2020 பிப்ரவரியில், முகக்கவசம் செய்யும் மூலப்பொருளில்தான் கழிப்பறைக் காகிதமும் செய்கிறார்கள், அதனால் தட்டுப்பாடு வரும் என்று கிளப்பிவிட, கடைகளில் தள்ளுமுள்ளு. அவருடைய கேலிச்சித்திரமே பின்புறத்தை ஆட்டிக்கொண்டு, நம் எல்லாருக்கும் இருப்பது ஒரே ஒரு பின்புறம்தானே என்றது. கீழே சின்ன அட்டவணையில் எந்த மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்ற தகவல். மக்கள் சிரித்துக்கொண்டே பகிர்ந்தார்கள், பொய்யைவிட வேகமாகப் போனது பதில். இவை உள்ளூர் வதந்திகள்தான். ஆனால் சாதாரண நாட்களில் இந்தப் பழக்கம் இல்லாத ஒரு அரசுக்கு, தேர்தலுக்கு முந்தைய நாள் ராத்திரி திடீரென்று அது வந்துவிடாது.

அரசாங்கம் மட்டும் செய்தால் இது அரசு விளம்பரமாகத்தான் முடியும். தைவானில் அரசுக்கு வெளியே இருப்பவர்கள்தான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறார்கள். நமக்கு வாட்ஸ்அப் எப்படியோ அப்படி அவர்களுக்கு லைன் செயலி. குடும்பக் குழு, கோயில் குழு, பள்ளித் தோழர் குழு எல்லாம் அதில்தான். 2016இல் கவ்-ஜீரோ என்ற தன்னார்வ நிரலாளர் கூட்டத்திலிருந்து கோஃபேக்ட்ஸ் உருவானது. சந்தேகமான செய்தியை அந்த லைன் கணக்குக்கு நீங்கள் அனுப்பினால், அதை ஏற்கெனவே யாராவது சரிபார்த்திருந்தால் உடனே பதில் வந்துவிடும். இல்லாவிட்டால் பொது வரிசையில் சேர்ந்து, தன்னார்வலர்கள் தேடிப் பார்த்துப் பதில் எழுதுவார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியதை யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், நிரலும் தரவும் திறந்தே கிடக்கின்றன. மூடிய குழுக்களுக்குள் என்ன ஓடுகிறது என்பதை, யாருடைய உரையாடலையும் ஒட்டுக்கேட்காமல், மக்கள் தாங்களாக அனுப்பிவைப்பதை வைத்தே தெரிந்துகொள்ள முடிகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. தாய்லாந்திலும் இதைப் பின்பற்றி ஒன்று நடக்கிறது.

2018இல், ஒருபாலினத் திருமணம் பற்றிய பொது வாக்கெடுப்பின்போது வீட்டுக்குள்ளேயே பெரியவர்களும் பிள்ளைகளும் முகம் பார்க்காமல் போகும் அளவுக்குப் பொய்ச் செய்திகள் ஓடின. அதைப் பார்த்து மெலடி சியெ என்ற பெண்ணும் அவருடைய நண்பர்களும் ஒரு தன்னார்வக் குழுவைத் தொடங்கினார்கள். பூங்கா, கோயில், முதியோர் மையம் என்று போய் உட்கார்ந்து வயதானவர்களோடு பேசுவதுதான் வேலை. எடுத்த எடுப்பில் ‘நீங்கள் பகிர்ந்தது பொய்’ என்று ஆரம்பிப்பதில்லை. முதலில் எழுத்தைப் பெரிதாக்கித் தருவது, படத்தை எப்படிச் சேமிப்பது என்று காட்டுவது என்று அலைபேசி உதவி, அப்புறம் மெதுவாக யூடியூபில் யார் எதற்காக எப்படிப் பணம் சம்பாதிக்கிறார்கள் என்ற பேச்சு. நம் வீட்டுக் குழுக்களில் அத்தையும் சித்தப்பாவும் காலையில் அனுப்பும் செய்தியைப் பிடித்து எல்லார் முன்னாலும் இணைப்பைப் போட்டுத் திருத்தும் இளைஞர்கள், அதன் பிறகு அந்தக் குழுவில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அத்தை தன் கருத்தை மாற்றிக்கொள்வதில்லை, குழுவில் பேசுவதை நிறுத்திவிடுகிறார். அவரோடு பேச மிச்சம் இருப்பது யூடியூப் மட்டும்.

தமிழ்நாட்டில் 2023 மார்ச்சில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். அது வெளிநாட்டு வேலை இல்லை, நம் நாட்டுக்குள்ளேயே கிளம்பியது. எங்கெங்கோ நடந்த சண்டைகளின் வீடியோக்களை எடுத்து, தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பரப்பினார்கள். திருப்பூரிலும் மற்ற ஊர்களிலும் பயந்துபோன தொழிலாளர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்தார்கள். காவல்துறை உடனே மறுத்தது, தொழிலாளர்கள் தங்கும் இடங்களுக்கே அதிகாரிகள் போய் அவர்களுக்குப் புரியும் மொழியில் பேசினார்கள், உதவி எண் கொடுத்தார்கள், பீகாரிலிருந்து வந்த அதிகாரிகள் குழு நேரில் பார்த்துவிட்டுப் போனது. நிலைமை கைமீறவில்லை. சென்னையில் தமிழில் ஒரு பத்திரிகைக் குறிப்பு வெளியிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பயம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் பதில் போக வேண்டும், அதுவும் அறிமுகமான ஒருவர் வாயால் போனால் இன்னும் நல்லது.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாத அரசுகள் நேராகச் சட்டத்துக்குப் போய்விடுகின்றன. எது பொய் என்று நாங்களே சொல்கிறோம், சொன்னதும் நீக்கு. சிங்கப்பூரில் 2019 முதல் அமைச்சரே ஒரு பதிவைத் தவறு என்று அறிவித்துத் திருத்தம் போடச் சொல்லலாம். நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமானால் அதற்கு அப்புறம்தான். இலங்கையில் 2024 ஜனவரியில் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது, எது பொய் என்று சொல்லும் ஆணைக்குழுவின் உறுப்பினர்களை நியமிப்பது ஜனாதிபதி. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுத் தெருவில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் சொல்வது உண்மையா பொய்யா என்று அப்படியொரு ஆணைக்குழு தீர்மானிக்கும் நிலையை நினைத்துப் பார்த்தால் போதும், எனக்கு வேறு வாதம் தேவையில்லை. இந்தியாவில் 2023இல் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, ஒன்றிய அரசின் வேலைகளைப் பற்றிய செய்தி எது பொய் என்று அரசே சொல்லும் ஒரு பிரிவை உண்டாக்கப் பார்த்தார்கள். இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புச் சொல்ல, மூன்றாவது நீதிபதியின் கருத்தோடு 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தைவானுமே 2022இல் இணையத் தளங்களைக் கட்டுப்படுத்தும் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. சர்வாதிகார ஆட்சியில் வளர்ந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கும் நாடு, எதிர்ப்பு வெடித்தது, சில வாரங்களில் அரசு பின்வாங்கிவிட்டது. அந்தப் பின்வாங்கலைத் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. ஏவுகணைகள் தன்னைப் பார்த்து நிற்கும்போதுகூட அரசின் கையில் பொய்க்கான முத்திரையைக் கொடுக்க மாட்டோம் என்று சொன்ன சமூகம் அது. அங்கே நான் பார்த்தவற்றில் என்னை மிகவும் ஈர்த்தது இதுதான்.

அவர்கள் வைத்திருக்கும் சட்டம் வேறு மாதிரி. 2019 டிசம்பர் 31 அன்று நிறைவேறிய ஊடுருவல் தடுப்புச் சட்டம், விரோத சக்தியின் உத்தரவிலோ பணத்திலோ ஒருவர் தேர்தல் பிரசாரம் செய்தால், நன்கொடை கொடுத்தால், கூட்டத்தைக் குலைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஒரு கோடி தைவான் டாலர் வரை அபராதம் என்கிறது. ஒருவர் சீனாவை ஆதரித்துப் பேசுவது குற்றமில்லை. காசு வாங்கிக்கொண்டு, யார் சொல்லிச் செய்கிறோம் என்பதை மறைத்துச் செய்வது குற்றம். தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் அவசரமாக நிறைவேற்றினார்கள் என்ற விமர்சனம் நியாயமானது. 2024 தேர்தலுக்கு முன் தைவானின் உள்ளூர் வார்டுத் தலைவர்கள் பலருக்குச் சீனாவில் மிகக் குறைந்த செலவில் சுற்றுலா ஏற்பாடானது, சாப்பாடு தங்கல் எல்லாம் அந்தப் பக்கத்துப் பணம், நடுவில் யாருக்கு ஓட்டுப் போடலாம் என்ற பேச்சு. வழக்குகள் போட்டார்கள். உத்தரவு இருந்தது என்று நிரூபிக்கப்படாததால் சிலரை நீதிமன்றம் விடுதலை செய்தது. அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. நிரூபிக்க வேண்டிய பாரம் அரசு வழக்கறிஞரின் தலையில் இருப்பதால்தான் அந்தச் சட்டத்தோடு ஒரு ஜனநாயகம் வாழ முடிகிறது.

மறைவான பணத்தை நேரத்தில் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ருமேனியா காட்டிவிட்டது. 2024 நவம்பர் 24 அன்று அதிபர் தேர்தலின் முதல் சுற்றில், கருத்துக்கணிப்புகளில் கீழே கிடந்த கெலின் ஜார்ஜெஸ்கு 23 சதவீதம் வாங்கி முதலில் வந்தார். பிரசாரச் செலவு பூஜ்யம் என்று கணக்குக் காட்டியவர். டிக்டாக்கில் அவரைத் தூக்கிவிட ஒரே ஒருவர் கணக்கிலிருந்து சுமார் 3,81,000 டாலர் போயிருக்கிறது, ஏறக்குறைய 25,000 கணக்குகள் கடைசி இரண்டு வாரத்தில் சுறுசுறுப்பாகின என்று உளவுத்துறை ஆவணங்கள் வெளியாயின. வெளிநாடுகளில் இருக்கும் ருமேனியர்கள் இரண்டாம் சுற்றுக்கு ஓட்டுப் போட ஆரம்பித்துவிட்ட பிறகு, டிசம்பர் 6 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. சில நாட்களில் இன்னொரு செய்தி வந்தது: அவருக்கு உதவிய டிக்டாக் பிரசாரங்களில் ஒன்றுக்குப் பணம் கொடுத்தது ருமேனியாவின் ஆளும் கூட்டணியில் இருந்த ஒரு கட்சிதான், அது திசைமாறிப் போய் ஜார்ஜெஸ்குவுக்கு லாபமாக முடிந்தது என்று. ஒசாகா விவகாரம் போலவே இங்கேயும் உள்ளூர்க் கை. 2025 மே மாத மறுதேர்தலில் நிகுஷோர் டான் 53.6 சதவீதத்தோடு வென்று நாடு ஒருவழியாக மூச்சுவிட்டது. ஆனால் முதல் சுற்றில் ஓட்டுப் போட்ட லட்சக்கணக்கானவர்களிடம் ‘உங்கள் ஓட்டுச் செல்லாது’ என்று சொன்ன காயம் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. செலவு பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்த அன்றே யாராவது நிமிர்ந்து கேட்டிருந்தால் நீதிமன்றம் அந்த எல்லைக்குப் போக வேண்டியிருந்திருக்காது.

பக்கத்து நாடான மால்டோவா, சுமார் 24 லட்சம் பேர், இன்னும் பச்சையான தாக்குதலைச் சந்தித்தது. நேரடியாக ஓட்டுக்குப் பணம். வங்கிகளிலிருந்து நூறு கோடி டாலர் காணாமல் போன வழக்கில் தண்டனை பெற்று மாஸ்கோவில் இருக்கும் இலான் ஷோர் என்பவரின் வலைப்பின்னல், ரஷ்ய வங்கிக் கணக்குகள் வழியாக 1,30,000க்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் அனுப்பியது, 2024 செப்டம்பர் அக்டோபரில் மட்டும் 3.9 கோடி டாலர் என்று மால்டோவா காவல்துறை சொன்னது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வது பற்றிய வாக்கெடுப்பு 50.35 சதவீதத்தில் தப்பிப் பிழைத்தது, வித்தியாசம் சுமார் பத்தாயிரம் ஓட்டு. அதற்குப் பிறகு அவர்கள் முழு மூச்சாகப் பணத்தின் பின்னால் போனார்கள். காசு கொண்டுவருபவர்களை விமான நிலையத்தில் பிடித்தார்கள், ஓட்டை விற்றவர்களுக்கு அபராதம் போட்டார்கள், எப்படி நடக்கிறது என்பதை மக்களுக்கு விவரமாகக் காட்டினார்கள். 2025 செப்டம்பர் 28 நாடாளுமன்றத் தேர்தலில் ஐரோப்பிய ஆதரவு ஆளுங்கட்சி 101க்கு 55 இடம் பெற்றது.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகர் யாருக்கும் ‘ஓட்டுக்குப் பணம்’ என்றால் விளக்கத் தேவையில்லை. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே.நகர், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ரத்தான ஊர்க்காரர்கள் நாம். டோக்கனும் கவரும் நமக்குப் பழகிவிட்டன, வாங்கினால் என்ன, ஓட்டு என் இஷ்டம் என்ற சமாதானமும் பழகிவிட்டது. ஆனால் வீடு வீடாகப் பணம் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு ஏற்பாடு, எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்ற பட்டியலோடு ஒரு ஊரில் தயாராக இருக்கிறது என்றால், நாளைக்கு அதை வாடகைக்கு எடுப்பவர் எந்த நாட்டுக்காரர் என்று கேட்கவா போகிறது? மால்டோவாவில் ரஷ்யா புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வறுமையும் ஓட்டு வியாபாரமும் ஏற்கெனவே இருந்த இடத்தில் பெரிய பணத்தோடு நுழைந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இதே கதை வேறு உடையில். 2024 செப்டம்பரில் அந்நாட்டு நீதித்துறை தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, ரஷ்ய அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.யின் ஊழியர்கள் இருவர் டென்னசியில் இருந்த ஒரு நிறுவனத்தின் வழியாக அமெரிக்க யூடியூபர்களுக்கு ஏறக்குறைய ஒரு கோடி டாலர் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்றது. பணம் எங்கிருந்து வந்தது என்று தங்களுக்குத் தெரியாது என்றார்கள் அந்த யூடியூபர்கள். அவர்கள் பேசியது பெரும்பாலும் அவர்கள் எப்போதும் பேசுவதைத்தான், அதைத் தடைசெய்ய எந்தச் சட்டத்தாலும் முடியாது, முடியவும் கூடாது. பணத்தின் முகவரியைக் கேட்கலாம். ஆனால் 2025 பிப்ரவரியில், வெளிநாட்டுத் தலையீட்டைக் கவனிக்க எஃப்.பி.ஐ.யில் இருந்த தனிப் படையையே அமெரிக்க அரசு கலைத்துவிட்டது. பேச்சைத் தணிக்கை செய்வதை எதிர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பணத்தைப் பார்க்கும் கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுபடியும் தைவானுக்கே வருகிறேன், ஏனென்றால் பணத்தைப் பார்க்கும் வேலையை அங்கே மக்களே கையில் எடுத்த சம்பவம் ஒன்று இருக்கிறது. அரசியல் நன்கொடைக் கணக்குகளை வைத்திருக்கும் கண்காணிப்பு அமைப்பு, நேரில் வந்து பாருங்கள், காகிதப் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள், இணையத்தில் போட மாட்டோம் என்றது. 2014இல் கவ்-ஜீரோ ஆட்கள் பிரதிகளை வாங்கி, ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனித் தனிப் படமாக வெட்டி, இணையத்தில் போட்டு, கண்ணில் தெரிவதைத் தட்டச்சு செய்யுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டார்கள். மூன்று லட்சம் கட்டங்கள் ஒரே நாளில் முடிந்துவிட்டன. ஒரு கட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது யாருடைய கணக்கு என்று தெரியாது, ஆயிரக்கணக்கானவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் என்று அடித்ததில் முழுக் கணக்கும் வெளியே வந்தது. 2018இல் சட்டமே திருத்தப்பட்டு, கணக்குகள் இணையத்தில் வெளியாக ஆரம்பித்தன.

நம் நாட்டில் என்ன நடந்தது? வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் துணை நிறுவனங்களிடமிருந்து பாஜகவும் காங்கிரசும் நன்கொடை வாங்கியது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு எதிரானது என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டத்தை மாற்றிவிட்டார்கள். 2016 நிதிச் சட்டத்தில் ‘வெளிநாட்டு மூலம்’ என்பதற்கான வரையறையைத் தளர்த்தி, அது போதாமல் 2018இல் அந்தத் தளர்வை 1976ஆம் ஆண்டு வரைக்கும் பின்தேதியிட்டுக் கொண்டுபோனார்கள், நாடாளுமன்றத்தில் விவாதமே இல்லாமல். 2024 பிப்ரவரி 15 அன்று பெயரை வெளியே சொல்லாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது பெரிய விஷயம், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் அதனால்தான் நம் கைக்கு வந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு 2016, 2018 வெளிநாட்டு நன்கொடைத் திருத்தங்களைத் தொடவில்லை. வெளிநாட்டு நிதி வாங்கும் தொண்டு நிறுவனங்களின் மேல் அதே சட்டம் ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டு வந்திருக்கிறது, கட்சிகளுக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பெயரைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குத் தருவதும் ஆண்டுக்கு ஒரு முறைதான். வாக்காளர் அதைப் பார்க்கும்போது தேர்தல் முடிந்து, வென்றவர் பதவியேற்று மாதக்கணக்காகியிருக்கும். பிரசாரம் நடக்கும்போதே, வாரத்துக்கு ஒரு முறை, கட்சிக்கு வந்த பணமும் டிஜிட்டல் விளம்பரத்துக்குப் போன பணமும் பெயரோடு வெளியாக வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவருவதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம், வங்கிக் கணக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் அப்படியொரு வாக்குறுதி என் கண்ணில் பட்டதில்லை. 2016, 2018 திருத்தங்களைத் திரும்பப் பெறுவோம் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.